ராஜாக்கள் ஏன் அவ்வளவு அபத்தமா நடந்துக்கிட்டாங்க? சேது சீமைல இருந்து ஒரு நீளமான பதில்

கேள்வி இதுதான்: ராஜாக்களும் பெரிய பதவில இருக்குறவங்களும் ஏன் இவ்வளவு அபத்தமா நடந்துக்குறாங்க, அதிகாரம் வந்தா புத்தி கெட்டுப்போகுமா, இல்ல புத்தி கெட்டவங்கதான் அந்த இடத்துக்குப் போறாங்களா, ஜனநாயகம் வந்த பிறகும் இது ஏன் மாறல.

ரெண்டுமே இல்லங்குறதுதான் என் பதில். நான் பொறந்து வளந்தது ராமநாதபுரம் கடற்கரை, சேதுபதிகள்னு பேரு வச்ச ராஜாக்கள் ஆண்ட சீமை, இந்த ஊர் வரலாற சின்ன வயசுல இருந்து படிச்சும் பெரியவங்ககிட்ட கேட்டும் வர்றேன், அதுல எனக்குப் புரிஞ்சது என்னன்னா ராஜாவா இருந்த ஆளு பெரும்பாலும் நம்மள மாதிரி சராசரி மனுஷன்தான், ஆனா அவர சுத்தி இருந்த ஏற்பாடு இருக்கே, அதாவது அவரு என்ன சொன்னாலும் "ஆமா சாமி"ன்னு சொல்றதுக்கு ஆயிரம் பேரு, அதுக்கான கூலிய குடுக்குறது மட்டும் வேற யாரோ, அந்த ஏற்பாடுதான் அபத்தத்த உண்டாக்குது. அதுல யாரத் தூக்கி உக்கார வச்சாலும் கொஞ்ச நாள்ல அப்படித்தான் ஆவான்.

உலகத்துல எல்லாரும் சொல்ற உதாரணம் ஒண்ணு இருக்கு, பாரசீக ராஜா செர்க்சஸ். கிமு 480ல கிரேக்கத்து மேல படையெடுக்க ஹெல்லஸ்பாண்ட் ஜலசந்திக்குக் குறுக்க பாலம் கட்டச் சொன்னாரு, கட்டி முடிச்ச கையோட புயல் வந்து அத அடிச்சுட்டுப் போயிருச்சு, உடனே கடலுக்கு 300 சவுக்கடி குடுக்கச் சொல்லி, விலங்கு ஒண்ணையும் தண்ணிக்குள்ள போடச் சொன்னாருன்னு ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்காரு. இத படிக்கிற எல்லாரும் சவுக்கடியோட நிறுத்திக்கிறாங்க. ஆனா அதுக்கு அடுத்த வரிலயே இருக்கு, பாலம் கட்டுன பொறுப்பாளிங்க தலைய வெட்டச் சொன்னாருன்னு. எனக்கு அதுதான் முக்கியம். கடலுக்கு சவுக்கடி வலிக்கப் போறதில்ல, வலிச்சது அந்த வேலைக்காரங்களுக்கு. அந்த சவுக்க எடுத்துட்டுப் போயி தண்ணிய அடிச்ச ஆளுகளையும் யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொருத்தனுக்கும் தெரியும் இது வெட்டி வேலைன்னு, ஆனா எவனும் வாயத் தொறக்கல, தொறந்தா அடுத்த தலை அவனோடது. புயல் அடிச்சு பாலம் போறது எங்க பக்கத்து மனுஷனுக்கு ஒண்ணும் புதுசு இல்ல, எந்தக் கடலோடிகிட்டயும் கேளுங்க, வாடைக்காத்து எப்ப வலுக்கும் கச்சான் எப்ப திரும்பும்னு பாத்துதான் வள்ளத்தத் தள்ளுவான், கடல்கிட்ட கோவிச்சுக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். ராஜாவுக்கு அது தெரியாததுக்குக் காரணம் முட்டாள்தனம் இல்ல, அவரு வாழ்க்கைல அதுவரைக்கும் யாருமே அவருக்கு "முடியாது"ன்னு சொன்னதே இல்ல.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். சேதுபதிகளோட செப்பேடுகள எடுத்துப் படிச்சா தானம் என்னன்னு வர்றதுக்கு முன்னாடி பட்டப்பேரே வரிசையா வந்துட்டு இருக்கும். சேது மூல ரக்ஷா துரந்தரன், இராமநாத சுவாமி காரிய துரந்தரன், இதெல்லாம் சரி, அது அவங்க உண்மையாவே செஞ்ச வேலை, ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்கு காவல் குடுத்தாங்க, சத்திரம் கட்டுனாங்க, அந்தக் கோயில் பிரகாரத்த தலைமுறை தலைமுறையா கட்டுனாங்க. ஆனா அதுக்கூடவே "கண்ட நாடு கொண்டு கொண்ட நாடு கொடாதான்"னு வரும், ஈழமும் யாழ்ப்பாணமும் கொண்டவர்னு வரும். ஆனா நிஜத்துல யாழ்ப்பாணம் 1619ல போர்த்துகீசியர் கைக்குப் போயி 1658ல டச்சுக்காரன் கைக்குப் போயிருச்சு. இந்த வாசகங்கள் பெரும்பாலும் விஜயநகர ராயர்கள் போட்டுக்கிட்ட பட்டங்கள், அப்படியே எழுத்தர்கள் கைவழியா இங்க வந்துருச்சு. அதவிட, கொண்ட நாடு கொடாதான்னு செப்புல வெட்டுன அதே வம்சத்துல 1720கள் கடைசில வாரிசுச் சண்டை வந்து சீமைய அஞ்சு பங்காப் பிரிச்சு ரெண்டு பங்க சசிவர்ணத் தேவருக்குக் குடுக்க வேண்டியதாப் போச்சு, அதுதான் சிவகங்கைச் சீமை. அதுக்கு அப்புறமும் பட்டம் மாறல. எழுதுறவனுக்குத் தெரியும், வெட்டுற ஆசாரிக்குத் தெரியும், வாங்கிக்கிற ஆளுக்கும் தெரியும், இருந்தாலும் எழுதித்தான் ஆகணும். இங்க ஏமாத்துறவனும் யாரும் இல்ல ஏமாறுறவனும் யாரும் இல்ல, எல்லாரும் சேந்து ஒத்துக்கிட்ட ஒரு பொய் அது, அதுக்குள்ள ராஜாவே கைதி மாதிரிதான்.

பொய் ஏட்டுல இருக்குற வரைக்கும் யாருக்கும் நஷ்டம் இல்ல. அத நிரூபிக்கக் கிளம்பும்போதுதான் ரத்தம் வருது. மூக்கறுப்புப் போர் கேள்விப்பட்டிருப்பீங்க. திருமலை நாயக்கரோட கடைசி காலம், 1650கள்ல, மைசூர் ராஜா கண்டீரவ நரசராஜன் பழைய தோல்விக்குப் பழி தீக்க படை அனுப்புனாரு, அந்தப் படைக்கு உத்தரவு என்னன்னா எதிர்ல வர்றவங்க மூக்க மேலுதட்டோட சேத்து அறுத்துட்டு வரணும், அதுக்கு சன்மானம் உண்டு. ஆம்பள பொம்பள குழந்தைன்னு பாக்காம அறுத்து சாக்குல போட்டு அனுப்புனதா அப்ப இருந்த சேசு சபை பாதிரியார்கள் கடிதத்துல இருக்கு. நாயக்கர் படுத்த படுக்கை, ராணி சேதுபதிக்கு ஆள் அனுப்ப, ரகுநாத சேதுபதி மறவர் படையோட போயி மைசூர் படைய விரட்டுனாரு, அது பெரிய வீரம்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அப்புறம் மதுரைப் படை மைசூர் எல்லைக்குள்ள போயி அதே மாதிரி மூக்கறுத்துச்சு. மைசூர் ராஜா அவமானப்பட்டதுக்கு மதுரை நாட்டுக் குடியானவன் மூக்கு போச்சு, மதுரை ராஜா அவமானப்பட்டதுக்கு மைசூர் நாட்டுக் குடியானவன் மூக்கு போச்சு. சண்டை முடிஞ்சு சேதுபதிக்கு என்ன கிடைச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும், திருமலைங்குற பேரையே பட்டமா குடுத்தாங்க, ராணி சொல் காத்தார்னு பேரு, கப்பம் கட்ட வேண்டாம், திருப்புவனம் திருச்சுழி பள்ளிமடம் ஊர்கள், மதுரைல நடக்குற மாதிரி நவராத்திரி கொண்டாடிக்கிற உரிமை. எங்க ஊர் அரண்மனை ராஜராஜேஸ்வரி கோயில் நவராத்திரி அப்படி வந்ததுதான். பட்டம் யாருக்குன்னு எழுதி இருக்கு, மூக்கு யாருதுன்னு ஒரு பேரு கூட எங்கயும் இல்ல. அதனால ஒரு ராஜாவப் பத்தி எது படிச்சாலும் நான் மொதல்ல கேக்குறது இதத்தான், இதுல யாரு மூக்கு போச்சு?

கிழவன் சேதுபதிய எடுத்துக்கோங்க. எங்க சீமைல இவரளவுக்கு பெரிய ஆளு யாரும் இல்ல. போகலூர்ல இருந்து தலைநகர ராமநாதபுரத்துக்கு மாத்துனாரு, கோட்டை கட்டுனாரு, ராமலிங்க விலாசம் இவரு காலத்துக் கட்டடம், மதுரை நாயக்கருக்கு அடங்குன பாளையமா இருந்தத தனி நாடா ஆக்குனாரு. கீழக்கரை சீதக்காதி மரைக்காயர இவரு எந்த அளவுக்கு மதிச்சாருன்னா தன் பேரையே சேத்து விஜய ரகுநாத பெரிய தம்பின்னு பட்டம் குடுத்தாரு. ஒரு மறவர் ராஜாவும் ஒரு முஸ்லிம் வணிகரும் அவ்வளவு நெருக்கமா இருந்தது எங்க கடற்கரைக்கே பெருமை, இன்னைக்கு வரைக்கும் அத சொல்லிச் சொல்லி வளக்குறோம்.

அதே ராஜாதான் 1693ல அருளானந்தர்ங்குற கிறிஸ்தவப் பாதிரியாரக் கொன்னது. தடியத்தேவன்னு அரச குடும்பத்துல ஒருத்தரு, நோய் குணமாகி அருளானந்தர் கையால கிறிஸ்தவரா மாறுறாரு, ஒரே மனைவிதான் வச்சுக்கணும்னு மத்தவங்கள விலக்கி வைக்கிறாரு, அதுல ஒரு பொண்ணு சேதுபதியோட சொந்தக்காரப் பொண்ணு, கடலைன்னு பேரு. அந்தப் பொண்ணு அழுதது நியாயம், ஒரு நாள்ல அது வாழ்க்கையே போச்சு, அது கேட்ட கேள்விக்கு பதில் சொல்ல யாரும் இல்ல. ஆனா அது குடும்ப வழக்கு, ஊர்ல நாலு பெரியவங்க உக்காந்து பேச வேண்டியது. ராஜா வீட்டுப் பொண்ணா போனதால ராஜ்ய விவகாரம் ஆகி, தலைநகர்ல வெட்டுனா கலகம் வரும்னு அருளானந்தர ஓரியூருக்கு அனுப்பி அங்க பிப்ரவரி 4ஆம் தேதி தலைய எடுத்துட்டாங்க. ஓரியூர் போயிருந்தீங்கன்னா அந்த செகப்பு மண்ண ஜனங்க காகிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போறதப் பாத்திருப்பீங்க. சீதக்காதிய தம்பியா நினைச்ச மனுஷனுக்கு மதத்து மேல வெறுப்புன்னு சொல்ல முடியுமா? முடியாது. வீட்டுக்குள்ள தலை குனிஞ்சத வெளிய தலை எடுத்து சரிபண்ணுனாரு. 1710ல அவரு செத்தப்ப 47 மனைவிங்க அவரு சிதைல சேந்து எரிஞ்சாங்கன்னு பாதிரியார்கள் கடிதம் சொல்லுது. இத ராஜ மரியாதைன்னு பெருமையா பேசுற ஆளுங்கள நேர்லயே பாத்திருக்கேன், எனக்கு அத கேட்டா வயிறு எரியும். அந்தப் பொண்ணுங்க பேரச் சொல்லுங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது.

பாம்பன் தாண்டி ராமேஸ்வரத்துக்கு பஸ்ல போனா அக்காள்மடம், தங்கச்சிமடம்னு ரெண்டு நிறுத்தம் வரும். ஊர்ல பெரியவங்க சொல்ற கதை, ஒரு சேதுபதி தன் ரெண்டு பொண்ணுங்களையும் ஒரே மருமகனுக்குக் கட்டிக் குடுத்து அவர தீவுல அதிகாரியா வச்சிருந்தாரு, மருமகன் யாத்ரீகர்கள்ட்ட காசு புடுங்குனாருன்னு ஒரு வடநாட்டு சாமியார் வந்து அழுக, ராஜா விசாரிச்சு மருமகனுக்கே மரண தண்டனை போட்டாரு, பொண்ணுங்க ரெண்டு பேரும் உடன்கட்டை ஏறிட்டாங்க, அவங்க நினைவா வந்த பேருதான் இது. ராஜா நீதிமான்னு காட்டுறதுக்குத்தான் இந்தக் கதைய சொல்லுவாங்க. நான் அத வேற மாதிரி கேக்குறேன். பறிச்ச காசத் திருப்பிக் குடுக்க வச்சு மருமகன வேலைய விட்டு விரட்டிருந்தா போதாதா? போதும், ஆனா ராஜாவுக்குப் போதாது, ராஜாவோட நீதி சாதாரண நீதிய விட உயரமாத் தெரியணும்.

நான் ராஜாக்கள திட்றதுக்காக மட்டும் இத எழுதல. இதே ஆளுங்க புத்தியா நடந்துக்கிட்ட இடமும் இருக்கு, அது கண்மாய். வறண்ட சீமை இது, வைகை கடைசில வந்து சேர்ற இடம், மழைத் தண்ணிய நிறுத்தலன்னா ஒரு போகம் கூட இல்ல. ராமநாதபுரம் பெரிய கண்மாயப் பாருங்க, கரை எங்க வளையணும், தண்ணி தொறந்து விடுற மடை எங்க வைக்கணும், மிச்சத் தண்ணி வழியுற கலுங்கு எந்த உயரத்துல இருக்கணும், இதுல ஒரு முழம் தப்பா வச்சாலும் தண்ணி காட்டிக் குடுத்துரும். தண்ணிக்குப் பட்டம் தெரியாது, செப்பேடு தெரியாது. அதனால அங்க மட்டும் ராஜா தண்ணி ஓட்டம் தெரிஞ்ச ஆள் பேச்சக் கேட்டுத்தான் ஆகணும். ஊருணி வெட்டும்போதும் அப்படித்தான். எங்க ராஜாவ எதுத்துப் பேசக்கூடிய ஒண்ணு இருந்துச்சோ அங்க நல்ல வேலை நடந்திருக்கு, எங்க இல்லையோ அங்க மூக்கு போயிருக்கு. ராமலிங்க விலாசம் சுவர்ல இருக்குற ஓவியங்கள நிதானமாப் பாருங்க, மராட்டியப் படையோட சண்டை, வெள்ளைக்காரங்க வந்து ராஜாவப் பாக்குறது, தேவி கையால செங்கோல் வாங்குறது, ராமாயணம், கிருஷ்ணன் கதை, நெறம் இன்னும் சில இடத்துல பளிச்சுன்னு இருக்கு, உண்மையாவே அழகு. ஆனா நான் அங்க தேடுன மடை பாக்குற ஆள் எனக்குக் கிடைக்கல.

1795ல கம்பெனிக்காரன் முத்துராமலிங்க சேதுபதிய இறக்கி சிறைல போட்டான், அவரு சிறைலயே 1809ல செத்தாரு, சீமை 1803ல ஜமீன் ஆயிருச்சு. அதுக்கு அப்புறம்தான் பெரிய அபத்தம். அதிகாரம் போயிருச்சு, ஆடம்பரம் மட்டும் இருக்கு. பாஸ்கர சேதுபதிய எனக்கு ரொம்பப் புடிக்கும், படிச்சவரு, விவேகானந்தர சிகாகோ போகச் சொல்லி உதவி பண்ணவரு, 1897 ஜனவரி 26 பாம்பன்ல அவரு வந்து இறங்குனப்ப வண்டில இருந்து குதிரைய அவுத்துட்டு ஜனங்களோட சேந்து ராஜாவே இழுத்தாரு. ஆனா கேட்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்து ஜமீன் கடன்ல முழுகுச்சு, அந்தப் பணம் யாரு கட்டுன தீர்வைன்னு கேட்டா அவர சுத்தி இருந்தவங்களுக்குக் கோவம் வந்திருக்கும்.

அதே 1897லதான் கமுதி கோயில்ல நாடார்கள் சாமி கும்புடப் போனாங்கன்னு ஜமீன் சார்பா அவங்க மேல வழக்கு. கோயில் தீட்டுப் பட்டுருச்சாம், சுத்தம் பண்ண செலவு வேணுமாம். நடுவுல பாஸ்கர சேதுபதி சமாதானமாப் போகலாம்னு எறங்கி வந்தாரு, ஆனா சுத்தி இருந்தவங்க விடல, கேஸ் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி 1908ல நாடார்களுக்கு எதிரா தீர்ப்பு வந்துச்சு. சொந்த ஊர்ல இருக்குற சாமியப் பாக்கலாமா கூடாதான்னு கடலுக்கு அந்தப்பக்கம் இருக்குற வெள்ளைக்காரன் சொல்லணுமா! 1939ல சட்டமே வந்து கதவு தொறந்துருச்சு. ராஜா விட்டுக் குடுக்க நினைச்சாலும் அந்த நாற்காலி விடாதுங்குறதுக்கு இதவிட சாட்சி எனக்கு வேண்டாம்.

ஜனநாயகம் வந்தப்புறம் மாறலயான்னு கேட்டா, மாறியிருக்கு, அத சொல்லாம விட்டா தப்பு. 1949ல ஜமீன அரசு எடுத்துக்கிச்சு, 1952ல சண்முக ராஜேஸ்வர சேதுபதி ஓட்டுக் கேட்டு ஜெயிச்சு ராஜாஜி மந்திரிசபைல இருந்தாரு. ஓட்டுக் கேக்கணும்னா நம்ம வாசல்ல வந்து நிக்கணும், அது சின்ன விஷயம் இல்ல. ஆனா பழக்கம் போகல. ஒரு பெரிய ஆளு வர்றாருன்னா பேனர்ல எழுதுறதப் பாருங்க, செப்பேட்டு பட்டத்துக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல, எழுதுறவனுக்கும் தெரியும் படிக்கிறவனுக்கும் தெரியும்.

ஒரு தடவ கடற்கரை ரோட்டுல நான் பாத்தத சொல்றேன். யாரோ பெரிய தலை வர்றாங்கன்னு ரோட்டோரம் காயப் போட்டிருந்த கருவாட்டையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க. நெத்திலி, அரைக்காய்ச்சல், எடுத்து சாக்குல கட்டுனா புழுத்துப் போகும். ஒரு அக்கா, "ஐயா, வர்றவுக எங்க ஊரத்தான பாக்க வர்றாக, எங்க ஊரு இப்படித்தான்யா இருக்கும்"னு சொல்லுச்சு. அந்தப் போலீஸ்காரரு பாவம், அவரும் பக்கத்து ஊர்க்காரரு, "எனக்குத் தெரியும்க்கா, எடுத்துருங்கக்கா"ன்னாரு. கார் வந்துச்சு, கண்ணாடி இறங்கல, போயிருச்சு. அந்த அக்காவோட அன்னைக்கு சரக்கு போச்சு. வந்தவரு கெட்டவரா இருக்கணும்னே இல்ல, அவருக்கு இது தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல, அவருக்குத் தெரியாம இருக்குறதுக்குத்தான் அத்தனை பேரு வேலை பாத்தாங்க.

தனுஷ்கோடியும் அப்படித்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் ஊரையே எடுத்துட்டுப் போச்சு, ரயிலோட. மனுஷன் வாழத் தகுதி இல்லாத இடம்னு அரசாங்கம் அறிவிச்சுது. ஆனா மீனவக் குடும்பங்க அங்கதான் இருந்தாங்க, ஏன்னா மீன் அங்கதான் இருக்கு. வாழ முடியாதுன்னு தாள்ல எழுதிட்டதால ரோடு இல்ல, கரண்டு இல்ல, அரிச்சல்முனை வரைக்கும் ரோடு தொறந்தது 2017ல. அரை நூற்றாண்டுக்கு மேல அங்க பொறந்த பிள்ளைங்கள அந்தத் தாளு இல்லாத ஆளாக்கிருச்சு.

கச்சத்தீவு பத்தி கேக்காம விடமாட்டீங்க. சேதுபதி ஜமீன் கணக்குல இருந்த தீவு, 285 ஏக்கர், குடிக்கத் தண்ணி கிடையாது, அந்தோணியார் கோயில் மட்டும்தான். 1974 ஜூன்ல இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டுத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டு கடல்ல கோடு கிழிச்சாங்க, 1976ல ஒரு நாட்டு மீனவன் இன்னொரு நாட்டுக் கடல்ல மீன்பிடிக்கக் கூடாதுன்னு ஆச்சு. ராமேஸ்வரத்துலயும் மன்னார்லயும் வலை போடுற ஒருத்தனக் கூட பக்கத்துல உக்கார வச்சு கேட்டு இத முடிவு பண்ணல. அதுக்காக நம்ம பக்கம் எல்லாம் சரின்னு நான் சொல்ல மாட்டேன், நம்ம விசைப்படகு இழுவை மடி போட்டு அடிமண்ணோட வழிச்சு எடுக்குறது யாழ்ப்பாணத்து சின்ன மீனவன் வயித்துல அடிக்குது, நம்ம நாட்டுப்படகுக்காரங்களே இத வெளிப்படையா சொல்றாங்க. 2014 ஜனவரில சென்னைலயும் மே மாசம் கொழும்புலயும் ரெண்டு பக்க மீனவங்களும் நேருக்கு நேரா உக்காந்து பேசுனாங்க. தீர்வு வரல, ஆனா அங்க நடந்த பேச்சு இழுவை மடி பத்தி, எத்தனை நாள் கடலுக்குப் போறது பத்தி, எப்ப நிறுத்துறது பத்தி. யாரோட மானம் போச்சுங்குறது பத்தி இல்ல. அந்தப் பேச்சத் திரும்ப ஆரம்பிங்கன்னு எங்க தொகுதில ஓட்டுக் கேட்டு வர்ற எல்லார்கிட்டயும் நாங்க கேட்டுட்டு இருக்கோம்.